சிட்டியின் இரண்டாம் வருகை

முள்ளுக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கும் கொல்லிமலைக்கு ஒரு சூப்பர் ஹீரோ உண்டு. வல்வில் ஓரி. அவன் விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்தியது, புலியைக் கொன்றது, மானை உருட்டியது, பன்றியைச் சாய்த்தது, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது. புறநானூற்றில் வன்பரணர் இதைப் பாடியிருக்கிறார். எந்தச் சூப்பர் ஹீரோ படத்தின் அறிமுகக் காட்சியாகவும் இதை அப்படியே வைக்கலாம்.

அதே மலைக்கு இன்னொரு அதிசயமும் இருக்கிறது. கொல்லிப்பாவை. தெய்வம் வகுத்தது என்றும் பூதம் செய்தது என்றும் நற்றிணைப் பாடல்கள் அவளைச் சொல்கின்றன. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் வடிவு குலையாதவள். பகைவர் மலையேறி வந்தால் சிரித்து மயக்கிக் கொன்றுவிடுவாள் என்பது வழிவழியாக வரும் கதை. இன்றைய பேச்சில் சொல்வதானால், மனித உருவில் செய்து நிறுத்திய காவல் இயந்திரம். ‘எந்திரன்’ படத்துச் சிட்டிக்குப் பல நூற்றாண்டு மூத்த அக்கா.

ஓரியின் கதைக்கு இரண்டாம் பாகமும் இருக்கிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரி, காரி இருவருமே கடையெழு வள்ளல்களில் வைத்து எண்ணப்படுபவர்கள். ஒரு வள்ளலை இன்னொரு வள்ளல் கொல்கிறான். ஓரியின் தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம்கூடப் பாட்டில் பதிவாகியிருக்கிறது. சங்கப் புலவர்கள் அடுத்த பாட்டில் ஓரியின் அம்பை ஏழு விலங்குகளுக்குள் பாயவிடவில்லை. அவ்வளவு ஆற்றல் உள்ளவனுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்று பாடினார்கள். இத்தனை நூற்றாண்டு கழிந்தும் ஆடிப்பெருக்கையொட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது. தோற்றதால் அவன் பெயர் சிறுத்துவிடவில்லை.

சூப்பர் ஹீரோ படங்களின் இரண்டாம் பாகத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓரி கதைதான் அளவுகோலாக நிற்கிறது. முதல் படத்தில் நாயகன் ஆற்றலைப் பெறுகிறான், ஊரைக் காக்கிறான், மக்கள் கைதட்டுகிறார்கள். இரண்டாவது படத்தில் அவன் என்ன செய்வது? அதே காரியத்தைப் பெரிய அளவில் செய்வதா, இல்லை முதல் படத்தில் செய்ததற்கெல்லாம் இப்போது பதில் சொல்வதா? தமிழில் இந்தக் கேள்வியை முழு அளவில் எதிர்கொள்ள வேண்டியிருந்த படம் ஒன்றுதான்: ஷங்கர் இயக்கி, ‘எந்திர’னின் தொடர்ச்சியாக 2018 நவம்பர் 29 அன்று வெளியான ‘2.0’. அதன் பலமும் பலவீனமும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

தமிழ் சினிமாவுக்கு இரண்டாம் பாக ஆசை புதிதல்ல. 1973இல் வந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ முடியும்போதே ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்ற அடுத்த படத்துக்கு எம்.ஜி.ஆர். அறிவிப்புக் கொடுத்தார். அவர் காலத்தில் அது எடுக்கப்படவே இல்லை. 1979இன் ‘கல்யாணராம’னுக்கு 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ தொடர்ச்சியாக வந்தது. பிறகு நெடுங்காலம் இந்தப் பழக்கம் ஓய்ந்தே கிடந்தது. ‘சிங்கம்’, ‘காஞ்சனா’ வரிசைகள் ஓடிய பின் தயாரிப்பாளர்களுக்குத் துணிவு வந்தது. 2018இல் மட்டும் ‘விஸ்வரூபம் 2’, ‘சாமி ஸ்கொயர்’, ‘சண்டக்கோழி 2’ எல்லாம் வரிசை கட்டி வந்தன, கடைசியில் ‘2.0’. தலைப்பு ஏற்கெனவே மக்கள் வாயில் இருப்பதால் வியாபாரம் பாதி முடிந்துவிடுகிறது என்பதுதான் இதற்கெல்லாம் அடிப்படைக் காரணம். போலீஸ் படத்துக்கும் பேய்ப் படத்துக்கும் இந்தக் கணக்குப் போதும். புது ஊர், புதுத் திருடன், புதுப் பேய் வந்தால் கதை நகர்ந்துவிடும்.

சூப்பர் ஹீரோ படத்துக்கு அது போதாது. சாதாரண ஆள் ஒருவன் அசாதாரணமாக மாறும் அந்தக் கணத்தில்தான் இந்த வகைப் படங்களின் மாயம் இருக்கிறது, அந்தக் கணம் முதல் படத்திலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாம் பாகம் தொடங்கும்போது நாயகன் பறப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு வியப்பு எங்கிருந்து வரும்?

உலக அளவில் நின்று பேசப்படும் இரண்டாம் பாகங்கள் இதற்கு ஏறக்குறைய ஒரே விடையைத்தான் கண்டிருக்கின்றன. 1980இன் ‘சூப்பர்மேன் 2’ படத்தில் காதலுக்காகச் சூப்பர்மேன் தன் ஆற்றலைத் துறக்கிறான், பிறகு சாலையோர உணவகத்தில் யாரோ ஒரு முரடனிடம் அடிவாங்கி ரத்தம் சிந்துகிறான். 2004இன் ‘ஸ்பைடர்மேன் 2’ தமிழ் பேசியும் வந்தது. அதில் பீட்டர் பார்க்கருக்கு வேலை போகிறது, காதலி கைநழுவுகிறாள், வாடகை கொடுக்க முடியவில்லை, மணிக்கட்டிலிருந்து நூலும் வரவில்லை. ஓடும் ரயிலை உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கிச் சரிபவனை, முகமூடி இல்லாத அந்தச் சின்னப் பையனை, பயணிகள் தலைக்கு மேல் தூக்கி உள்ளே கிடத்துவார்களே, அந்தக் காட்சிக்கு நிகராக முதல் பாகத்தில் எதுவும் இல்லை. 2008இன் ‘தி டார்க் நைட்’ இன்னும் ஒரு படி போனது. பேட்மேன் தான் நேசித்தவளைப் பறிகொடுக்கிறான், தான் செய்யாத கொலைகளுக்குப் பழியையும் ஏற்று ஓடுகிறான். மூன்று படங்களிலும் முதல் பாகம் பட்ட கடனை நாயகனே வந்து அடைக்கிறான்.

இந்த இடத்திலிருந்து ‘எந்திர’னைப் பார்க்க வேண்டும். 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. ஷங்கர் இதை முதலில் கமல்ஹாசனை வைத்து யோசித்தார், பிறகு ஷாருக் கானிடம் போனார், கடைசியில் ரஜினிகாந்திடம் வந்து சேர்ந்தார். வசனத்தில் பெரும் பங்கு சுஜாதாவுடையது. 2008 பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டதால் ஷங்கரும் மதன் கார்க்கியும் வசனப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். சாபு சிரிலின் கலை அமைப்புக்கும் சிறப்பு விளைவுகளுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. ஆனால் அந்தப் படம் பார்த்தவர் மனத்தில் நிற்பது அந்த ஜாலத்தால் மட்டும் அல்ல.

ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எரிகிறது. சிட்டி உள்ளே புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, தொலைக்காட்சிக் கேமராக்கள் சூழ்ந்து நிற்கும் தெருவில் விடுகிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவு அதற்கு. அந்தப் பெண்ணோ கூசிக் குறுகி ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். ஏன் ஓடினாள் என்று சிட்டிக்கு விளங்கவே இல்லை. ஆற்றல் முழுதாக இருந்தும், மானம் என்பது என்ன என்று தெரியாததால் ஓர் உயிர் போகிறது. இதற்குப் பிறகுதான் அதைச் செய்த விஞ்ஞானி வசீகரன் அதற்கு உணர்ச்சி கற்பிக்க இறங்குகிறார். உணர்ச்சி வந்ததும் அது அவருடைய காதலி சனாவையே காதலிக்கிறது. ராணுவ அதிகாரிகள் முன்னால் ஆயுதத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் காதலைப் பேசுகிறது. செய்தவரே கோடரி எடுத்து அதை வெட்டுகிறார். குப்பையிலிருந்து எழுந்து வந்து வில்லனாகிறது. முடிவில், தன்னைக் கலைத்துவிட வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவை ஏற்று, ஒவ்வொரு உறுப்பாகத் தன் கையாலேயே கழற்றி வைக்கிறது.

ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, ஆசைப்பட்டு, கெட்டு, திருந்தி, விடைபெறும் முழு வாழ்க்கை அது. சூப்பர் ஹீரோ, வில்லன், தண்டனை பெற்றவன் மூவரும் ஒரே உருவம். இப்படி ஒரு முடிவுக்குப் பிறகு இரண்டாம் பாகம் எடுப்பது மிகக் கடினம். ஷங்கர் துணிந்தார் என்பதை முதலில் மனதாரப் பாராட்ட வேண்டும்.

‘2.0’வின் மிகப் பெரிய பலம் அதன் தொடக்கக் கற்பனை. ஊரில் உள்ளவர்கள் கையிலிருக்கும் கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பிய்த்துக்கொண்டு வானத்தில் பறக்கின்றன. கடை அலமாரியிலிருந்து, பள்ளிப் பிள்ளை காதிலிருந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே. பிறகு அவை சாலையெங்கும் கறுப்பு வெள்ளமாக ஊர்ந்து வருகின்றன, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மாபெரும் பறவையாகச் சிறகு விரிக்கின்றன. இதற்குமுன் யாரும் திரையில் காட்டாத அரக்கன். நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் பொருளால் ஆன அரக்கன் என்பதால், படம் பார்க்கிறவன் கை தன்னையறியாமல் தன் கைபேசியைத் தொட்டுப் பார்க்கும். வெளியிலிருந்து கடன் வாங்காத கற்பனை இது.

அடுத்தது தொழில்நுட்பம். பின்னால் மாற்றிக்கொள்ளாமல் 3டி கேமராவிலேயே எடுத்தார்கள். நீரவ் ஷாவின் ஒளிப்பதிவு அதற்கேற்ப ஆழத்தைக் கணக்கிட்டே அமைந்தது. ரசூல் பூக்குட்டி ஒலியமைப்பில் இருக்கைக்கு அடியிலும் ஒலிபெருக்கி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2017 தீபாவளிக்கு வர வேண்டிய படம், வரைகலை வேலை முடியாமல் 2018 நவம்பர் வரை தள்ளிப்போனது. லைகா நிறுவனம் செலவிட்டது 500 கோடிக்கும் மேல் என்று அப்போது சொல்லப்பட்டது. இவ்வளவு பெரிய முதலீட்டைத் தமிழில் எழுதிய ஒரு கதையை நம்பிப் போட்டார்கள் என்பதே இந்தியத் திரையுலகில் பெரிய செய்தி. குறையும் இங்கேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. 3டிக்கென்றே அமைத்த காட்சிகள் அந்த வசதி இல்லாத திரையில் தட்டையாகிவிடுகின்றன. சிற்றூர்க்காரன் பெரும்பாலும் அப்படிப்பட்ட திரையில்தான் படம் பார்க்கிறான். சூப்பர் ஹீரோ படத்தைத் திருவிழா போலக் கொண்டாடுவதும் அவன்தான்.

மூன்றாவது பலம், படத்தின் உயிரே அதுதான், பக்ஷிராஜன். அக்ஷய் குமார் நடித்த முதிய பறவை ஆய்வாளர், சாலிம் அலியை நினைவூட்டும் தோற்றம். பிறந்தபோதே இறந்துவிட்டதாக நினைக்கப்பட்ட குழந்தை, ஒரு சிட்டுக்குருவி வந்து அமர்ந்ததும் உயிர்த்தெழுகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து பறவைகளுக்காகவே வாழ்கிறது. அலைவரிசைக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் விழுந்து சாவதைக் காண்கிறார். அதிகாரிகளிடம் போகிறார், அமைச்சரிடம் போகிறார், நிறுவனத்திடம் போகிறார், தெருவில் நின்று பொதுமக்களிடம் கெஞ்சுகிறார். சிரிக்கிறார்கள், விரட்டுகிறார்கள். கடைசியில் அந்தக் கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிறார். நா. முத்துக்குமார் மறைவதற்கு முன் எழுதிக்கொடுத்த ‘புள்ளினங்காள்’ பாட்டை பம்பா பாக்யா முதலியோர் பாட, ரஹ்மானின் இசை இந்தப் பகுதி முழுவதையும் தாங்கி நிற்கிறது. படம் முழுவதிலும் மனிதர்கள் மனிதர்களாக இருக்கும் பகுதி இதுதான்.

முள்ளுக்குறிச்சித் தேநீர்க் கடையில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் சொன்னார்: “சிட்டி சண்டையெல்லாம் சூப்பருங்கண்ணா. ஆனா அந்தப் பறவைக்காரரு பாவம். அவரு சொன்னதுல என்னங்கண்ணா தப்பு?” நீளமான விமர்சனக் கட்டுரைகள் தொட்டுவிட்டு நகர்ந்த இடத்தை இந்த ஒரு கேள்வி நேராகப் பிடித்துவிட்டது. அவர் சொன்னதில் தப்பு எதையும் படம் காட்டவில்லை. கடைசியில் வசீகரனே வந்து பக்ஷிராஜன் சொன்னது சரிதான் என்று பேசுகிறார். அப்படியானால் இரண்டரை மணி நேரமாகச் சிட்டி யாருக்காகச் சண்டை போட்டது?

பலவீனம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் படத்தில் துன்பம், ஆசை, தவறு, தண்டனை எல்லாம் சிட்டியுடையவை. இரண்டாம் படத்தில் அவை மொத்தமும் பக்ஷிராஜனுக்குப் போய்விட்டன. சிட்டிக்கு மிஞ்சியது சண்டை மட்டும். அருங்காட்சியகத்தில் கிடக்கும் பாகங்களைப் பூட்டி எழுப்புகிறார்கள். எழுந்ததும், ஒன்றும் நடக்காததுபோல் வேலைக்கு வந்து நிற்கிறது. தன்னைத் தானே கழற்றிக்கொண்ட அந்தப் பழைய முடிவின் வலி பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரு காலத்தில் தன்னைக் கோடரியால் வெட்டியவரைப் பார்த்துச் சிட்டி என்ன நினைக்கிறது? சனாவை அது மறந்துவிட்டதா? சனா இந்தப் படத்தில் தொலைபேசிக் குரலாக மட்டும் வருகிறாள், திரையில் ஒரு முறைகூட வருவதில்லை. அந்த இடத்தில் நிலா என்ற பெண் எந்திரம் வைக்கப்பட்டிருக்கிறது. எமி ஜாக்சன் தன்னால் முடிந்ததைச் செய்கிறார், ஆனால் நிலாவுக்கென்று ஓர் ஆசையோ அச்சமோ எழுதப்படவில்லை. காதலித்ததால் கெட்டுப்போன ஓர் எந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னோர் எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்தப் பழைய காயத்தை ஒரு முறைகூடத் தொடாமல் விட்டது எழுத்தின் பெரிய குறை.

தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எந்திர’னில் 2.0 என்பது சிவப்புச் சில்லு பொருத்தப்பட்ட, ஆட்டைப்போலக் கத்தும் கொடிய சிட்டியின் பெயர். ரஜினி அதில் தன் நாயக பிம்பத்தை உதறிவிட்டு முழு வில்லனாக ஆடினார், மக்கள் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாம் படம் அந்தப் பெயரைத் தாங்கி வரும்போது, அந்தக் கொடூரத்தை மீண்டும் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பதற்றம் கதையின் நடுவில் இருந்திருக்க வேண்டும். படத்தின் பிற்பகுதியில் நிலா சிவப்புச் சில்லைப் பொருத்துகிறாள், 2.0 வருகிறது, நல்லவர்கள் பக்கம் நின்று கலக்குகிறது, கைதட்டல் வாங்குகிறது. நேற்று ஊரை அழித்தது இன்று ஊருக்குக் காவல் என்றால், ஊர் எதையாவது விலையாகக் கொடுத்திருக்க வேண்டாமா?

என்னை மிகவும் உறுத்துவது உச்சக்கட்டம். பக்ஷிராஜன் வசீகரனின் உடலுக்குள் புகுந்துகொள்கிறார், அதனால் சிட்டியால் அவரை அடிக்க முடியவில்லை. இது அருமையான சிக்கல். ஒரு நல்ல இரண்டாம் பாகம் இந்த முடிச்சை வைத்தே நின்றிருக்கலாம்: படைத்தவரைத் தாக்க வேண்டிய நிலையில் படைப்பு. படம் இதை அவிழ்க்கும் விதம் வேறு. 3.0 என்ற குட்டி எந்திரங்கள் புறாக்களின் மேல் ஏறி வருகின்றன. வசீகரனின் உடலை விட்டு வெளியே வராவிட்டால் இந்தப் பறவைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைகளுக்காக உயிரை விட்டவர் பறவைகளுக்காகவே மறுபடியும் பணிகிறார். திரையரங்கில் அந்த இடத்தில் சிரிப்பும் விசிலும் எழுந்தன. குட்டி எந்திரங்களின் குறும்பு அப்படி எழுதப்பட்டிருந்தது. ஆனால் அங்கே நடப்பது என்ன? நாயகன் பக்கத்தினர் அப்பாவி உயிர்களைப் பணயமாக வைத்து வெல்கிறார்கள். வில்லன் மனிதர்களைக் கொன்றார், அது குற்றம், சந்தேகமில்லை. அந்தக் குற்றத்தைத் தடுக்க நாயகன் தொட்ட வழி, வில்லன் தன் வாழ்க்கை முழுவதும் எதை எதிர்த்துப் போராடினாரோ அதே வழி. எழுத்தாளர் இதைத் தெரிந்து செய்திருந்தால் மகத்தான துயரக் காட்சியாகியிருக்கும். ஜெயமோகன் வசனத்தில் பங்கேற்ற படத்தில் இதைக் கேட்கும் ஒரு குரலாவது இருந்திருக்கலாம்.

கதையின் அறிவியல் பக்கத்தையும் பேசியாக வேண்டும். படம் வெளியாகும் முன்பே கைபேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. வியாபாரம் கருதி அவர்கள் பேசினார்கள் என்று எளிதாகத் தள்ளிவிடலாம். உண்மை என்னவென்றால், கோபுரக் கதிர்வீச்சுத்தான் சிட்டுக்குருவிகளைக் கொன்றது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்று 2020இல் வந்த அறிக்கை, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. பூச்சி உணவும் கூடு கட்ட இடமும் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது. கதிர்வீச்சு அளவைப் பொறுத்தவரை, சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும் என்று இந்தியா 2012லேயே விதித்துவிட்டது.

சூப்பர் ஹீரோ படத்தில் அறிவியல் பிசகக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. சிலந்தி கடித்து ஆற்றல் வருவதை ஏற்றுக்கொள்கிறவர்கள்தானே நாம். வித்தியாசம் இதுதான்: சிலந்திக் கடி நாயகனுக்கு ஆற்றலைத் தருகிறது, யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. ‘2.0’ ஒரு குற்றச்சாட்டின் மேல் நிற்கிறது. அந்தக் குற்றச்சாட்டு அரைகுறையாக இருக்கும்போது உண்மையான காரணங்கள் தப்பித்துவிடுகின்றன. கொல்லிமலையில் நின்று பறவைகளைப் பற்றி யோசித்தால் கண் முதலில் கோபுரத்துக்குப் போகாது. ஒரு காலத்தில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளை மரவள்ளி எடுத்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டதற்குக் காரணமே இதுதான். கிளியையும் குருவியையும் பரண் மேல் நின்று ஓட்டிய தினைப்புனம் சங்கக் காதலுக்கே மேடையாக இருந்த மலை இது. ஓட்ட வேண்டிய தினையே குறைந்துவிட்டால் குருவி எதைத் தேடி வரும்? பக்ஷிராஜன் வயலில் இறங்கி, பூச்சிமருந்தையும் அழிந்த கூடுகளையும் தட்டில் குறைந்த தானியத்தையும் பார்த்திருந்தால், பழி ஒரு நிறுவனத்தின் மேலோ ஓர் அமைச்சரின் மேலோ மட்டும் விழுந்திருக்காது. படம் பார்க்கிற நம் எல்லோர் மேலும் விழுந்திருக்கும்.

இந்தியாவின் இன்னொரு சூப்பர் ஹீரோ வரிசையான ‘க்ரிஷ்’ஷோடு ஒப்பிட்டால் சில விஷயங்கள் தெளியும். 2003இன் ‘கோயி மில் கயா’ சூப்பர் ஹீரோ படமே அல்ல. மனவளர்ச்சி குன்றிய இளைஞனுக்கு வேற்றுக்கிரகத் தோழன் கிடைக்கும் கதை. 2006இன் ‘க்ரிஷ்’ அவன் மகனை நாயகனாக்கியது. 2013இன் ‘க்ரிஷ் 3’ தந்தையையும் மகனையும் சேர்த்து வைத்தது. தலைமுறை வழியாகத் தொடர்வது நம் மண்ணுக்குப் பொருந்திய வழி. முதல் படத்தின் பாசம் அடுத்த படத்துக்குத் தானாக இறங்கி வருகிறது. மூன்றாவதில் விலங்கும் மனிதனும் கலந்த உயிர்களை ஹாலிவுட் படங்களின் சாயலில் இறக்கியபோது கதை தன் முகத்தை இழந்தது, ஆனாலும் தந்தை உயிரைக் கொடுக்கும் இடத்தில் பழைய பாசம் பேசிவிடுகிறது. ‘2.0’ வரைகலையில் அதைவிட எவ்வளவோ உயரத்தில் நின்றும், இந்தப் பாச நூலை அறுத்துவிட்டது.

தமிழில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே சூப்பர் ஹீரோ என்பவர் ஏற்கெனவே நட்சத்திரம்தான். முகமூடியோ சிறகோ அவருக்குத் தேவைப்படுவதில்லை. ரஜினியின் எந்தப் புதுப் படமும் ‘பாட்ஷா’வின் தொடர்ச்சியாகவே பார்க்கப்படுகிறது. மிஷ்கினின் ‘முகமூடி’ 2012லும், பி.எஸ். மித்ரனின் ‘ஹீரோ’ 2019லும் வந்தன, தொடரவில்லை. 2023இன் ‘மாவீரன்’ மட்டும் வேறு பாதையில் போனது. காதில் கேட்கும் ஒரு குரல் சொல்வதையெல்லாம் செய்ய வேண்டிய பயந்தாங்கொள்ளி ஓவியன் அதன் நாயகன். நட்சத்திரம் தோற்பதைப் பார்க்க ரசிகன் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை தயாரிப்பாளர்களிடம் ஊறிக்கிடக்கிறது. ‘எந்திர’னில் அந்த நம்பிக்கையை உடைத்து வென்றவர்களே இரண்டாம் பாகத்தில் அதற்குள் போய் ஒளிந்துகொண்டார்கள் என்பதுதான் வருத்தம்.

எழுதத் தெரியாத சிக்கலும் இது இல்லை. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் நம்மிடம் இருக்கின்றன. முதல் நாவல் ஒரு பொய்யான ஆட்சியாளனைக் கவிழ்க்கும் கதை. இரண்டாவது, கவிழ்த்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் என்ன ஆனார்கள் என்று கேட்கிறது. நிலா என்ற பெண் அரியணையில் பொம்மையாக உட்கார்த்தி வைக்கப்படுகிறாள். ஜீனோ என்ற இயந்திர நாய் மேலும் மேலும் தானாக யோசிக்கிறது. முதல் நாவலின் வெற்றியையே இரண்டாவது சந்தேகத்துடன் புரட்டிப் பார்க்கிறது. ‘எந்திரன்’ எழுதியவரின் கையிலேயே இரண்டாம் பாகம் எழுதும் வித்தை இருந்தது.

பக்கத்து மாநிலங்களைப் பார்த்தாலும் வழி தெரிகிறது. 2024இல் தெலுங்கில் வந்த ‘ஹனுமான்’ சிற்றூர்ப் பையன் ஒருவனைத் தொன்மத்தோடு கோத்தது. 2025இல் மலையாளத்தில் வந்த ‘லோகா’ கள்ளியங்காட்டு நீலியைச் சூப்பர் ஹீரோவாக்கியது. இரண்டுமே அடுத்த பாகங்களுக்கு இடம் வைத்துத் தொடங்கியவை, நட்சத்திரத்தைவிடக் கதையை முன்னால் நிறுத்தியவை. நம்மிடம் சிரித்தே கொல்லும் பாவை இருக்கிறாள். அவளைப் பற்றி ஒரு படம் எடுத்தால், யார் அவளை மலையில் நிறுத்தினார்கள், சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அழவும் கற்றுக்கொடுத்தார்களா என்று முதல் பாகத்திலேயே கேட்டுவிடலாம்.

‘2.0’ அந்த ஆண்டின் பெரிய வசூல் படங்களில் ஒன்றாக நின்றது, அடுத்த ஆண்டு சீனத்தில் எதிர்பார்த்த அளவு போகவில்லை. வசூல் கணக்கு அத்தோடு முடிந்தது. கதைக் கணக்கு இன்னும் முடியவில்லை. மூன்றாம் பாகம் என்று ஒன்று வருமானால், அது புதிய அரக்கனைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘எந்திர’னில் நீதிமன்றம் இருந்தது. சிட்டி செய்ததற்கு அங்கே விசாரணை நடந்தது, சாட்சியம் பதிவானது, தீர்ப்பு வந்தது. புறாக்களைப் பணயம் வைத்தவர்கள் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. வசீகரன் அந்தக் கூண்டில் ஏறட்டும். பக்ஷிராஜனின் பழைய மனுக்களை ஒவ்வொன்றாக யாராவது வாசிக்கட்டும். சாட்சி சொல்லச் சிட்டியை அழைக்கட்டும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று முதல் படத்திலேயே நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.